புத்தகம் மாற்றும் இடம்

ஏப்ரல் 6, ஞாயிறு. பாளையங்கோட்டை

இந்தப் புத்தகத்தில் தொண்ணூற்றாறு பக்கம். எல்லாவற்றுக்கும் வலது மூலையில் எண் போட்டுவிட்டேன். ரயில்வேயில் ரோந்துப் புத்தகத்தை அப்படித்தான் தருவார்கள். எண் போட்ட பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அது பெரிய குற்றம்.

நாட்குறிப்பு எழுதினால் நல்லது என்று டாக்டர் சொன்னார். எதற்கு நல்லது என்று நான் கேட்கவில்லை.

மதியம் மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல்.

ஏப்ரல் 9, புதன்

நேசன் ஓசூரிலிருந்து பேசினான். என் ஒரே மகன். அதே பாட்டு. "வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்கப்பா. நீங்க தனியா இருக்கது இனி சரிப்படாது."

பிப்ரவரியில் ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோவில் ஆராதனைக்குப் போய்விட்டேன். பாத்திரம் கரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. உலகத்தில் அடுப்பில் பாலை மறந்தவன் நான் ஒருவன்தானா?

எனக்கு அறுபத்தாறு வயது. முப்பத்து நான்கு வருடம் கீமேனாக இருந்தவன். தினமும் தண்டவாளத்தை நடந்தே பார்த்து, அதைக் கட்டையோடு பிடித்திருக்கும் சாவிகள் என்கிற இரும்பு ஆப்புகள் தளர்ந்திருந்தால் சுத்தியலால் தட்டி இறுக்குகிற வேலை. என் கண்ணுக்குத் தப்பிய விரிசல் ஒன்று கிடையாது. என் மனைவி கனகபாய் போய் மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து நானேதான் சமைத்துச் சாப்பிடுகிறேன். ஓசூர் வீடு பதினோராவது மாடி.

ஏப்ரல் 12, சனி

தங்கை எப்சிபா பேசினாள். ஸ்காட்லாந்தில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்து மார்ச்சில் ஓய்வு பெற்றவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். நேசனுக்கும் எனக்கும் நடுவில் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள்.

"அண்ணே, இங்ஙன ஒரு நடைபாதை இருக்கு. நூத்திப் பத்தொம்பது கிலோமீட்டரு. ஏரி, காடு, வாய்க்கால் கரை. ஆறு நாள்ல நடக்கலாம். வரைபடம் ஒங்க கையில, வழி சொல்லுறது நீங்க. நான் சும்மா பின்னால வருவேன். முடிச்சிட்டியன்னா நேசன் இனிமே வாயத் தொறக்கப்படாது. முடியலன்னா நீங்க ஓசூரு போகணும்."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்கிட்டான்."

நடப்பதற்குப் பந்தயமா? என்னிடமா? சரி என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

நடைக்கு ஷூ வாங்கியாகிவிட்டது. பழுப்பு நிறம்.

ஏப்ரல் 23, புதன்

ஷூ வாங்கினேன். பழுப்பு. கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

வீட்டில் இரண்டு ஜோடி இருக்கிறது. மழை ஊருக்குப் போகிறவனுக்கு ஒரு ஜோடி கூடுதலாக இருப்பது நல்லதுதான்.

மே 2, வெள்ளி

விசா வந்துவிட்டது. முதுகுப்பையில் ஏழு கிலோ அரிசியை வைத்துத் தினமும் பத்து கிலோமீட்டர் நடக்கிறேன். கால் பழைய கால்தான். தெருவில் எல்லாரும் எங்கே என்று கேட்கிறார்கள். ஸ்காட்லாந்துக்கு நடந்து போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மே 15, வியாழன். கிளாஸ்கோ

நேற்று வந்து சேர்ந்தேன். எப்சி வீட்டில் குளியலறைக் கதவு எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. புது வீடு, யாருக்கும் அப்படித்தான்.

வரைபடத்தை மேசையில் விரித்தோம். இங்கே ஏரியை லாக் என்கிறார்கள். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல மூன்று லாக்குகள்: லோகி, ஓய்க், நெஸ். அவற்றை ஒரு வாய்க்கால் சேர்க்கிறது. வழியெல்லாம் நீல நிற அடையாளக் கம்பங்கள். குருடனும் போகலாம். எப்சியிடம் அப்படியே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மே 19, திங்கள். நாள் 1. போர்ட் வில்லியம் முதல் கெயர்லோகி வரை

17 கி.மீ. ஆறு மணி நேரம். மழை இரண்டு முறை. பெரிய மலை ஒன்று இருக்கிறதாம். மேகத்துக்குள் இருந்ததால் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

வாய்க்காலில் எட்டு நீர்க் கதவுகள் படிக்கட்டுபோல அடுத்தடுத்து. ஒவ்வொன்றிலும் தண்ணீரை நிரப்பிப் படகை மேலே ஏற்றுகிறார்கள். நின்று பார்த்தேன். ஒழுங்கான வேலை.

நான் முன்னால், எப்சி பத்தடி பின்னால். நீலக் கம்பத்தைக் கண்டதும் கையைத் தூக்குவேன். அவள் "பார்த்தாச்சுண்ணே" என்பாள். சாயங்காலம் நேசன் பேசினான். "அப்பா வழி மாறாமப் போனாங்களா?" என்று அவளிடம்தான் கேட்டான். என்னிடம் கேட்கலாம்.

மே 20, செவ்வாய். நாள் 2. லாகன் வரை

20 கி.மீ. முழுக்க லாக் லோகியின் கரையும் காடும். மரமெல்லாம் ஒரே வயது, ஒரே உயரம், வரிசையாக நட்டவை. கீழே பாசி மெத்தைபோல. தண்ணீர் கறுப்பாக இருக்கிறது, அசைவே இல்லை. சின்னப் பூச்சிகள் கூட்டமாக வந்து கடிக்கின்றன. கொசுவுக்காவது பாட்டுச் சத்தம் உண்டு, இதற்கு அதுவும் இல்லை.

எப்சிக்குப் பொறுமை அதிகம். இரவு தங்குமிடத்தின் பெயரை என்னிடம் மூன்று முறை சொன்னாள். எதற்கு மூன்று முறை என்று தெரியவில்லை.

அவளும் ஒரு நீலப் புத்தகத்தில் ஏதோ எழுதுகிறாள். நர்ஸ் பழக்கம். எங்கள் ரோந்து வழக்கத்தை அவளிடம் சொன்னேன். மழைக்காலத்தில் தண்டவாள ரோந்துக்குப் போகிறவன் தன் எல்லை முடிவுவரை நடப்பான். எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்த எல்லைக்காரன் வருவான். சந்திக்கிற இடத்தில் இரண்டு பேரும் புத்தகத்தை மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். என் புத்தகம் அவனோடு போகும், அவன் புத்தகம் என்னோடு வரும். நடக்காமல் நடந்ததாக எழுத முடியாது. என் எல்லை கங்கைகொண்டான். நாரைக்கிணறு பக்கத்திலிருந்து வருகிறவன் மாடசாமி. பதினாறு வருடம் அவனோடு புத்தகம் மாற்றினேன். எட்டு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனான். உடலை எடுத்த அன்று நான் போயிருந்தேன்.

"நாமளும் மாத்திக்குவமாண்ணே?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

மே 21, புதன். நாள் 3

காலை. பனிமூட்டம். கிலோமீட்டர் கல் 638/4.

இடது தண்டவாளம் காணோம். வலது தண்டவாளமும் காணோம். கட்டைகளும் இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மேடு மட்டும் இருக்கிறது, ஜல்லி இருக்கிறது. என்னிடம் சிவப்புக் கொடி இல்லை. அடுத்த வண்டிக்கு முன்னால் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். நாரைக்கிணறு ஆள் இன்னும் வரவில்லை. மாடசாமி எப்போதும் தாமதம். அவன் வராமல் இடத்தைவிட்டு நகரக் கூடாது. காத்திருக்கிறேன்.

மே 21, மாலை. போர்ட் அகஸ்டஸ்

17 கி.மீ. கூடுதலாக 4.

மேலே இருப்பது என் கையெழுத்துதான். எழுதியது நினைவில் இல்லை. தூக்கக் கலக்கமாக இருக்கலாம்.

நினைவிருப்பதை எழுதுகிறேன். லாக் ஓய்க் கரையில் வழி ஒரு பழைய ரயில் பாதைமேல் போகிறது. தண்டவாளம் எடுத்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், மரம் முளைத்துவிட்டது. ஆனால் மேடு மேடுதான். காலை வைத்த உடனே தெரிந்தது. நடை தானாகக் குறுகியது. கட்டைக்குக் கட்டை வைக்கிற நடை. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்து அறுநூற்று அறுபது கட்டை. எண்ண ஆரம்பித்தேன். சந்தோஷமாக இருந்தது. இந்த ஊருக்கு வந்து முதல்தடவையாகக் கால் தன் இடத்தில் இருப்பதாகப் பட்டது.

எப்சி குதிகாலுக்குப் பிளாஸ்திரி போட உட்கார்ந்தாள். "மெல்ல போய்க்கிட்டு இருங்கண்ணே, திருப்பத்துல நில்லுங்க" என்றாள். அங்கே நீலக் கம்பம் இடப்பக்கம், பாலத்தை நோக்கிக் காட்டுமாம். நான் கம்பத்தைப் பார்க்கவில்லை. ரயில் பாதையைவிட்டு இறங்குகிற ரோந்துக்காரன் எங்கே இருக்கிறான்? நேராகப் போயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நினைவிருப்பது எப்சியின் முகம். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே முழுக்க ஈரம். அவளிடம் நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேசன் பேசினான். "அப்பாதான் வழி சொன்னாவ. ஒரு கொழப்பமும் இல்ல. நல்லா நடக்காவ" என்று எப்சி சொன்னாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சின்ன வயதில் தோசையைத் திருடித் தின்றால்கூட அவளே வந்து சொல்லிவிடுவாள். எனக்கு அவமானமாக இருந்தது.

இந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று விரல் போனது. மூலையில் எண் 31. விட்டுவிட்டேன்.

மே 22, வியாழன். நாள் 4. இன்வர்மோரிஸ்டன்

12 கி.மீ. மழை. எப்சி பத்தடி பின்னால் இல்லை, பக்கத்திலேயே வந்தாள்.

மே 23, வெள்ளி. நாள் 5. டிரம்னட்ராகிட்

22 கி.மீ. ஏற்றம் அதிகம். காட்டுக்கு மேலே வந்ததும் லாக் நெஸ் முழுவதும் தெரிந்தது. நீளமான ஏரி, கப்பல் ஒன்று எறும்பாகப் போனது. இதில் ஒரு பூதம் இருப்பதாக ஊரெல்லாம் பொம்மை விற்கிறார்கள். யாரும் சரியாகப் பார்த்ததில்லை, ஆனால் இல்லையென்று சொல்லவும் யாருக்கும் மனமில்லை.

தங்கின வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். நாய் ஒன்று, அவர், வேறு யாரும் இல்லை. தனியாக இருக்கிறீர்களே, பயமில்லையா என்று எப்சியை விட்டுக் கேட்டேன். எனக்கு என்ன பயம், எந்தப் படி சத்தம் போடும் என்றுகூட எனக்குத் தெரியும் என்றாராம். நானும் அதைத்தான் சொல்கிறேன். என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். விளக்கைப் போடாமலே சர்க்கரை டப்பாவை எடுப்பேன். பதினோராவது மாடியில் கைக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு அவர் ஓட்ஸ் கஞ்சியில் உப்புப் போட்டாரா என்று அடுப்படிப் பக்கம் பார்த்தேன். அடுப்புக்கு மேலே சிவப்பு எழுத்தில் பெரிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. எப்சி வாசித்துச் சொன்னாள். 'அணைத்தாயா?' என்று எழுதியிருக்கிறதாம். அவருக்கு அவரே எழுதிக்கொண்டது.

எனவே எழுதுகிறேன். பிப்ரவரியில் பால் மட்டும் இல்லை. ஜனவரியில் பக்கத்தில் இருக்கிற வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வீடு எந்தத் தெரு என்று தெரியவில்லை. ஒரு ஆட்டோக்காரர் என்னை அடையாளம் கண்டு கொண்டுவந்து விட்டார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மார்ச்சில் கனகபாயின் பெயர் ஒரு சாயங்காலம் முழுக்க வரவில்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் பல் விளக்கும்போது வந்தது. பயமாக இருக்கிறது.

நாளைக்கு 31 கி.மீ. அதுதான் கடைசி. ஜெயித்துவிடுவேன்.

மே 24, சனி. நாள் 6. மதியம் இரண்டு மணி. காட்டு வழியில் ஒரு பெஞ்சு

இன்னும் 12 கி.மீ. வெயில் அடிக்கிறது. வழி ஒருமுறைகூடத் தவறவில்லை. இன்று காலையிலிருந்து எல்லாக் கம்பத்தையும் நானே பார்த்தேன், நாற்பத்து மூன்று. எப்சி ரொட்டியும் முட்டையும் எடுத்து வைக்கிறாள். இப்போதே நேசனுக்குச் செய்தி எழுதி வைத்துவிட்டாள், ஊர் போய்ச் சேர்ந்ததும் அனுப்பினால் போதுமாம். காட்டினாள். 'அப்பா நடந்து முடித்துவிட்டார்கள். பாளையங்கோட்டையில் அவர்கள் இஷ்டம்போல இருக்கட்டும். இனி இந்தப் பேச்சு வேண்டாம்.'

"அனுப்பலாமாண்ணே?"

"ஊரு வரட்டும்" என்றேன்.

அந்தச் செய்தி போனால் என் வீடு எனக்கு. முப்பத்து நான்கு வருடம் எந்த வண்டியும் என் எல்லையில் கவிழ்ந்ததில்லை. பழுது கண்டால் எழுதுவேன், எழுதினால் சொல்வேன். கண்டதை எழுதிவிட்டுச் சொல்லாமல் வண்டியை விட்டவன் ஒருவனை எனக்குத் தெரியும். அவனோடு நாங்கள் யாரும் டீ குடித்ததில்லை.

எழுந்திருக்க வேண்டும். 12 கி.மீ.

மே 24, சனி. மாலை ஐந்தரை. இன்வர்னஸ்

இதை எழுதுவது எப்சிபா.

பாதை முடிகிற இடத்தில், கோட்டை மேட்டில், நடைபாதையின் பெயர் பொறித்த ஒரு கல் இருக்கிறது. நடந்து முடிப்பவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் கைப்பேசியை எடுத்தேன். அண்ணன் பையைத் திறந்து இந்தப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எல்லை முடிஞ்சிட்டு. மாத்து" என்றார்.

"நெசமாவாண்ணே?"

"கேள்வி கேக்காத. ஒம் புத்தகத்தக் கொடு."

கொடுத்தேன். புல்லில் உட்கார்ந்து நான் அவருடையதை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். பழுப்பு ஷூவுக்குச் சிரித்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என்னுடையதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுட்டுவிரலை வைத்து வரிவரியாக வாசித்தார். என் புத்தகத்தில் முதல் நாளே இப்படி எழுதியிருக்கிறேன்: 'அண்ணனுக்கு மறதி வந்துவிட்டது. கிளாஸ்கோவில் வந்து இறங்கினபோதே தெரிந்தது. அவராகச் சொல்லும்வரை நான் சொல்ல மாட்டேன்.' அதைத் தாண்டிப் போய்விட்டார். மூன்றாம் நாள் பக்கத்தில் விரல் நின்றது.

அந்தப் பக்கத்தில் என் எழுத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் அவரே எழுதியது: 'கல் 638/4. நாரைக்கிணறு ஆளோடு புத்தகம் மாற்றப்பட்டது. தண்டவாளம் இல்லை. வண்டியை நிறுத்தவும்.'

"இது நான் போட்டதா?"

"ஆமாண்ணே."

"மாடசாமி செத்து எட்டு வருசமாச்சே."

"என்னப் பாத்து, ஏண்டே இம்புட்டு நேரம், புத்தகம் எங்கன்னு கேட்டிய. கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்திய. பொறவுதான் எந்திரிச்சு வந்திய. அதுக்கு முன்ன எவ்வளவு கூப்பிட்டும் அந்தக் கல்ல விட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டிய."

அண்ணன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். படம் எடுக்க வந்த ஒரு குடும்பத்துக்காகத் தள்ளி உட்கார்ந்தார். பிறகு என் கைப்பேசியை வாங்கி, நான் எழுதி வைத்திருந்த செய்தியை அனுப்பாமல், நேசனைக் கூப்பிட்டார்.

"நேசா, நடந்து முடிச்சாச்சு. நூத்திப் பத்தொம்பதும் முடிச்சாச்சு. பந்தயத்துல நான் ஜெயிச்சுட்டேன், அத முதல்ல எழுதி வச்சுக்க." கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "ஆனா தனியா இருக்க முடியாதுடே. முடியாது. அத்தைகிட்ட கேளு, அவகிட்ட புத்தகம் இருக்கு."

நேசன் அந்தப் பக்கம் அழுகிறான் என்று எனக்குக் கேட்டது. அண்ணன் அழவில்லை. "சரி, சரி, வையி" என்று வைத்துவிட்டார். நான்தான் அழுதேன். நர்ஸாக இருந்தவள் அழக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

ஜூனில் அவரோடு பாளையங்கோட்டைக்குப் போகிறேன் என்று சொன்னேன். எத்தனை மாதம் என்று தெரியாது. முடிகிறவரை அவர் கைக்குத் தெரிந்த வீட்டிலேயே இருக்கட்டும். பிறகு ஓசூர்.

"ஒன் எல்லை இங்ஙனல்லா இருக்கு?" என்றார்.

"இங்ஙன மார்ச்சோட முடிஞ்சிட்டுண்ணே."

யோசித்தார். ஒரு நிபந்தனை போட்டார். புத்தகத்தை அவர்தான் எழுதுவார், நான் அவருக்காக எழுதக் கூடாது. தினமும் சாயங்காலம் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பக்கத்தையும் கிழிக்கக் கூடாது. ஒத்துக்கொண்டேன்.

இதோ, இந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்கிறார். இடம் என்று எழுதிவிட்டு நிறுத்தினார். சுற்றிலும் பார்த்தார்.

"எப்சி, இது எந்த ஊரு?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இடம்: இன்வர்னஸ். புத்தகம் மாற்றப்பட்டது.
யோவேல் பொன்னையா